இளைத்தலும் இளைப்பாறுதலும்

நெடுநாள் கழித்து உறவினர் வீட்டுக்குச் செல்லும் எவரும் மும்பைத் தமிழர்களிடையே கேட்கும் முதல் சொல், "என்ன, இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்பதாகும். சொல்பவரின் குரலில் ஒலிப்பது பாராட்டன்று; கவலை. அதே உடலைக் கண்டு உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் "செம ஃபிட்" என்பார். முதியோரின் கவலையைப் பழமை என்று புன்னகையுடன் ஒதுக்குவது நமக்கு வழக்கமாகிவிட்டது. மொழியியல் பயின்ற எனக்கோ அச்சொல் அவ்வளவு எளிதில் ஒதுக்கத்தக்கதாகத் தோன்றவில்லை. உடல்நலம் குறித்த இன்றைய அறிவுரைகள் மறந்துவிட்ட ஒன்றை அது இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

'இளை' என்னும் வினைக்கு மெலிதல் என்பதோடு சோர்தல், தளர்தல் என்னும் பொருள்களும் உண்டு. 'இளைப்பு' மூச்சிரைப்பையும் குறிக்கும். மறுபுறம், நோயிலிருந்து மீள்வதும் சதை பிடிப்பதும் 'உடம்பு தேறுதல்' என்னும் ஒரே வழக்கில் அடங்கிவிடுகின்றன. பஞ்சத்தையும் காசநோயையும் கண்ட சமூகத்தின் சொற்கள் இவை. மெலிந்த உடலைக் கண்டால் 'இது எதனால் மெலிந்தது?' என்று கேட்க இச்சொற்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. 'ஃபிட்' என்னும் சொல் அக்கேள்வியைக் கேட்பதில்லை. அதற்கு ஈடாக நாம் ஆக்கிக்கொண்ட 'உடல்தகுதி' என்பதும் காவலர் தேர்வு அறிவிப்புகளைத் தாண்டி வீட்டுப் பேச்சுக்குள் நுழையவில்லை.

தோற்றத்தைக் கொண்டு நலத்தை அளப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு நம் அருகிலேயே ஒரு சான்று உண்டு. புணே கே.இ.எம். மருத்துவமனையின் நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரித்தானிய மருத்துவர் ஜான் யுட்கினும் 2004ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3 தான். ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வும் இதையே வேறு வகையில் காட்டுகிறது. உடல் நிறை குறியீட்டின்படி பருமனுடையோர் 28.6 விழுக்காடு, இடுப்புச் சுற்றளவின்படி கணக்கிட்டால் 39.5 விழுக்காடு. எடைப்பொறியின் எண்ணில் மகிழ்வோர் ஓர் அளவு நாடாவையும் எடுத்துக்கொள்வது நல்லது. இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

அன்றாடப் பழக்கங்களில் எது உடலைக் காக்கிறது? அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஜேம்ஸ் லெவின் குழுவினர், மெலிந்தோர் பதின்மரையும் பருமனுடையோர் பதின்மரையும் உணர்கருவிகள் அணியச் செய்து கண்காணித்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். பருமனுடையோர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் கூடுதலாக அமர்ந்திருந்தனர். நிற்பது, எழுவது, அறைக்குள் நடப்பது ஆகிய சிறு அசைவுகளால் மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 350 கிலோ கலோரி வரை வேறுபாடு ஏற்படக்கூடும் என அவர்கள் கணித்தனர். நூலகத்தில் காலையில் அமர்ந்து மாலையில் எழும் ஆய்வு மாணவர்களாகிய நமக்கு இது நேரடியான செய்தி. அரைமணிக்கு ஒருமுறை எழுவதும் மின்தூக்கியைத் தவிர்த்துப் படியேறுவதும் ஒரு நிறுத்தம் முன்னரே இறங்கி நடப்பதும் செலவில்லாத பழக்கங்கள்.

இவ்வறிவுரை இங்கேயே முடிந்துவிடுமானால் அது பாதி உண்மைதான். பழக்கத்துக்கு இடமும் நேரமும் வேண்டும்.

மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பகுதியில் விடியற்காலையில் நடப்போரைப் பாருங்கள். அகன்ற சாலை, மரநிழல், நடைபாதை. இவை தாமாக அமைந்தவை அல்ல. 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட், காற்றும் வெளிச்சமும் புகும் குடியிருப்புகளை உருவாக்கும் நோக்கில் தாதர் - மாட்டுங்கா திட்டத்தை வகுத்தது. அந்த நோயச்சம் விட்டுச்சென்ற பொதுச்சொத்தின் மீதுதான் இன்றைய நடைப்பயிற்சியாளர் தம் நல்ல பழக்கத்தைப் பேணுகிறார். அப்பழக்கத்தில் அவருடைய மனவுறுதிக்குப் பங்குண்டு, நடைபாதைக்கும் பங்குண்டு.

அங்கிருந்து சற்றுத் தொலைவில்தான் தாராவி. "நாள் முழுதும் உழைக்கிறார்கள், இவர்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் கூற்று. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறி இறங்கும் பெண்ணும், தையல் பொறியின் மீது குனிந்தபடியே பொழுதைக் கழிக்கும் தொழிலாளியும், நெகிழிக் கழிவின் மூட்டை தூக்கும் இளைஞரும் மெலிந்துதான் இருக்கிறார்கள். ஆனால் உழைப்பின் அசைவும் ஓய்வுநேர அசைவும் உடலுக்கு ஒன்றல்ல. டென்மார்க்கின் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் குழுவினர் கோபன்ஹேகனில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு இது: ஓய்வுநேர உடலியக்கம் மிகுந்தோரிடம் இறப்பு விகிதம் குறைந்தது, வேலையில் உடலுழைப்பு மிகுந்தோரிடம் அது கூடியது. கல்வி, வாழ்க்கை முறை முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு மறையவில்லை. தாம் விரும்பும்போது நிறுத்த இயலாத வேலை இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் நெடுநேரம் உயர்த்தி வைக்கிறது, உடல் மீள்வதற்கு இடம் தருவதில்லை என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கம்.

இதற்கு எதிர்ச்சான்று கேட்போர் இருக்கலாம், அதுவும் உண்டு. 1953இல் ஜெரி மோரிஸ் இலண்டன் பேருந்துப் பணியாளர்களை ஆராய்ந்தபோது, அமர்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று கண்டார். 2023 செப்டம்பரில் விடைபெற்ற நம் பழைய பெஸ்ட் மாடிப் பேருந்தின் நடத்துநரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறுவார், இறங்குவார், இடையே சற்று நிற்பார், பயணியிடம் பேசுவார். உழைப்பு என்பதாலேயே ஓர் அசைவு தீங்காகிவிடுவதில்லை. இடைவிட்டு வரும் அசைவு உடலை வளர்க்கிறது. இடைவிடாத சுமை அதைத் தேய்க்கிறது.

தமிழ் இதை ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. ஓய்வெடுப்பதை நாம் 'இளைப்பாறுதல்' என்கிறோம், இளைப்பு ஆறுவது. நடந்து இளைப்பவருக்கு மரநிழலில் அது ஆறுகிறது. ஆறுவதற்கு நிழலோ நேரமோ இல்லாதவருக்கு இளைப்பு உடலிலேயே தங்கி நோயாகிறது. "இளைச்சுப் போயிட்டே" என்னும் முதியோரின் கேள்வி இந்த இரண்டாவது நிலையை அஞ்சியே கேட்கப்படுகிறது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2004 முதல் பேசப்பட்டுவரும் தாராவி மறுசீரமைப்புத் திட்டம் இன்று நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. விவாதமெல்லாம் வீட்டின் சதுர அடியைப் பற்றியும் தகுதிப் பட்டியலைப் பற்றியும் நிகழ்கிறது, அவை இன்றியமையாதவையே. ஆனால் செம்பூருக்கு அப்பால் கோவண்டியில் உள்ள மறுகுடியமர்த்தல் குடியிருப்புகளை ஒருமுறை சென்று காண வேண்டும். நட்வர் பரேக் வளாகத்தில் அடுத்தடுத்த கட்டடங்களுக்கு இடையே சுமார் 3 மீட்டர்தான் இடைவெளி. கீழ்த்தள வீடுகளில் வெளிச்சம் குறைவு. இவ்வட்டாரக் குடியிருப்புகளில் கட்டட அமைப்புக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். உடலை உருக்கும் பழைய 'இளைப்பு' புதிய அடுக்ககத்துக்கும் குடிவரக்கூடும் என்பதே இதன் பொருள்.

ஆகவே தாராவியின் வரைபடத்தைப் பற்றிப் பேசும்போது ஏறுவதற்கு இனிய, வெளிச்சமுள்ள படிக்கட்டு, நிலையம் வரை நிழலுள்ள நடைபாதை, பெண்கள் அந்தியில் அச்சமின்றி உலவும் முற்றம், உழைப்பாளர் இளைப்பாறத் திண்ணை ஆகியவற்றையும் கேட்க வேண்டும். மாட்டுங்காவுக்கு ஒரு கொள்ளைநோய்க்குப் பின் கிடைத்தது தாராவிக்கு அடுத்ததற்கு முன்னரே கிடைக்கட்டும்.

நாமும் இன்று நூலகத்திலிருந்து அரைமணிக்கு ஒருமுறை எழுவோம். எழும்போது, அப்படி எழ அனுமதி பெறாதவர்கள் இதே நகரில் இருப்பதையும் நினைப்போம். மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள், உரையாடுவோம்.