பன்னிரண்டு பேர் போதும்

மூன்று தமிழர் கூடினால் நான்கு சங்கம் பிறக்கும் என்று நம்மைக் கேலி செய்வோர் உண்டு. கேலிதான், ஆயினும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை. பிறப்பதில் குறையில்லை. பிறந்த குழந்தை முதலாண்டு நிறைவைக் காண்பதில்லையே, அதுவல்லவா குறை!

நான் குடியிருக்கும் உல்லாஸ்நகரில் ஒரு மன்றம் தோன்றிற்று. பெயர் வேண்டாம். துவக்க விழாவன்று ஒலிபெருக்கி முழங்கியது. தலைவர் ஒருவர், துணைத் தலைவர் நால்வர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், ஆலோசகர் அறுவர். மாலைகள் போதாமல், முதலில் அணிந்தவரிடமிருந்து திரும்ப வாங்கி அடுத்தவருக்குப் போட்டார்கள். வாழ்த்துரைகள் முடிய இரவு பத்து மணி ஆயிற்று. அடுத்த கூட்டம் மறு மாதம் என்று அறிவித்தார்கள். அந்த மறு மாதம் இன்னும் வரவில்லை! அத்தனை பேரும் நல்லவர்கள். ஊருக்கு உழைக்கும் எண்ணம் உள்ளவர்கள். எல்லாருக்கும் பதவி இருந்தது. ஒருவருக்கும் வேலை இல்லை.

தோழர்களே! நம் மாணவர் சங்கத்தையும் அந்தக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக் கொள்வோம். பொங்கல் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், இதோ, மலரும் வெளியிடுகிறோம். அவை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஆண்டில் மூன்று நாள் விழித்திருந்து, மீதி 362 நாளும் உறங்கும் சங்கத்தால் யாருக்கு என்ன பயன்?

பயன் தேவைப்படுவோர் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள். மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் எட்டு மொழிகளில் பாடம் நடக்கிறது. தமிழும் அவற்றில் ஒன்று. தமிழில் அறிவியல் படித்த பிள்ளை கல்லூரி வாசலை மிதிக்கும்போது என்ன நேர்கிறது? அடர்த்தி தெரியும், டென்சிட்டி தெரியாது. முடுக்கம் தெரியும், ஆக்ஸிலரேஷன் என்றால் விழிக்கிறான். வினையூக்கி என்ன செய்யும் என்று வீட்டில் அழகாக விளக்குகிறவள், வகுப்பில் காட்டலிஸ்ட் என்ற சொல் வந்ததும் தலை குனிகிறாள். சொல் தெரியாததைப் பொருள் தெரியாததாக எண்ணிக்கொண்டு, முதலாண்டு முடிவதற்குள் அறிவியலுக்கே விடை கொடுத்துவிடுகிறார்கள். திறமை இல்லாமலா போகிறார்கள்? இல்லை. இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு பலகை போட ஆளில்லாமல் போகிறார்கள். அந்தப் பலகையைப் போட ஓர் அறிவியல் மன்றம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சொற்களைப் பற்றிய இந்தக் கவலை புதிதன்று. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் ஒன்றை நிறுவி, வேதியியல், இயற்பியல், தாவரவியல் முதலியவற்றுக்குத் தமிழ்ச் சொல் காண முற்பட்டார்கள். அதே இராஜாஜிதான் 1949இல், கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, எங்கள் உல்லாஸ்நகருக்கு அடிக்கல் நாட்டினார். என்னைப் போன்றவன் உரிமை கொண்டாட இது போதாதா!

உல்லாஸ்நகரைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்டுப் பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்த சிந்திகளின் முகாம் அது. இன்றும் வட்டாரங்களை முகாம் எண்ணைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார்கள். சிந்து மாநிலத்து ஐதராபாத்தில் கல்லூரி முதல்வராக இருந்த குந்தனானி என்பார், எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து, 1949இல் பாந்திராவில் நேஷனல் கல்லூரியைத் தொடங்கினார். அவர் வளர்த்த அமைப்பின் கல்லூரி 1965இல் உல்லாஸ்நகருக்கும் வந்தது. தமிழரும் இந்நகரில் சளைத்தவர்கள் அல்லர். மாதுங்காவில் 1932இல் எழுந்த தென்னிந்தியக் கல்விச் சங்கம் சயானில் 1960இல் கல்லூரி கண்டது. 1952இல் தோன்றிய சண்முகானந்த சபை 1963இல் அரங்கம் எழுப்பியது. 1990இல் அது தீக்கிரையாயிற்று. 1998இல் மீண்டும் கதவு திறந்தது. எட்டாண்டு அரங்கம் இல்லை, சபை இருந்தது. இடம் கிடைத்தால்தான் மன்றம் என்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஆனால் நமக்கு அவ்வளவு பெரிய முன்மாதிரி வேண்டாம். என் மனத்தில் இருப்பது ஒரு சின்னஞ்சிறு கழகம். 1727இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்கிளின் தொடங்கியது. ஜுண்டோ என்று பெயர். அப்போது அவருக்கு வயது 21; என்னைவிட இரண்டு ஆண்டு இளையவர். அச்சுத் தொழிலாளி, செருப்புத் தொழிலாளி, நில அளவையாளர் என்று உழைத்து உண்போர்தாம் உறுப்பினர். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடினார்கள். ஒவ்வொருவரும் முறை வைத்துக் கேள்வி கொண்டுவர வேண்டும்; மூன்று மாதத்திற்கு ஒருமுறை தாமே ஒரு கட்டுரை எழுதிப் படிக்க வேண்டும். ‘நான் சொல்வதே சரி’ என்று அடித்துப் பேசினால் சிறு தண்டம்! (நம் பட்டிமன்றங்களில் இந்த விதியைக் கொண்டுவந்தால் சங்கத்தின் பணமுடை தீர்ந்துவிடும்.)

எண்ணிக்கை பன்னிரண்டுக்கு மேல் போகலாகாது என்று வரம்பு கட்டினார்கள். நண்பர்களைச் சேர்க்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தியபோது, ‘சேர்க்க வேண்டாம், நீங்கள் ஆளுக்கொரு கழகம் தொடங்குங்கள்’ என்றார் பிராங்கிளின். ஐந்தாறு கழகங்கள் அப்படிக் கிளைத்தன. ஒருவரிடம் இல்லாத நூலை மற்றவரிடம் வாங்கிப் படித்த பழக்கத்திலிருந்து 1731இல் சந்தா நூலகம் பிறந்தது. பன்னிரண்டு பேர் இருக்கும் அறையில் ஒருவர் வராவிட்டால் நாற்காலி காலியாகத் தெரியும். இருநூறு பேர் இருக்கும் பட்டியலில் நூறு பேர் வராவிட்டாலும் தெரியாது. நம் சங்கங்கள் மடியும் இரகசியம் முழுவதும் எனக்கு இங்கேதான் தென்படுகிறது.

“தமிழில் அறிவியல் பேசி என்ன ஆகப் போகிறது? தேர்வு ஆங்கிலத்தில்தானே?” என்று கேட்கும் நண்பர்கள் உளர். சயானுக்கும் செம்பூருக்கும் இடையே சூனாபட்டியில் மராத்தி அறிவியல் பரிஷத்தின் கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். 1966இல் தொடங்கியது. மராத்தியில் அறிவியல் பேசுவதே அதன் தொழில். தனக்கென மாத இதழும் நடத்துகிறது. அதனால் மராத்தி மாணவரின் ஆங்கிலம் தேய்ந்துவிட்டதா? தமிழகத்தில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் சிறுவர்க்கென்றே துளிர் இதழை நடத்துகிறது. அங்கே இயலுவது இங்கே இயலாதா?

“நேரம் எங்கே?” என்பது அடுத்த கேள்வி, இதுவே உண்மையான கேள்வி. விட்டல்வாடியில் ரயிலேறிக் கூட்டத்தில் நசுங்கிக் குர்லாவில் இறங்கும் எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகையால் மன்றத்தின் நேரத்தை ரயில்தான் வகுக்க வேண்டும். தாராவியார் சயானிலிருந்து மத்தியப் பாதையில் வருவர். செம்பூரார் துறைமுகப் பாதையில் வருவர். இரண்டும் கூடுமிடம் குர்லா. அருகிலேயே நம் கலீனா. சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடித்துவிட்டால், கூட்டம் பெருகுமுன் வீடு திரும்பலாம். நாலரை என்றால் நாலரை! சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தாலும் சரி. சொல்லப்போனால், முதல் ஓராண்டுக்குச் சிறப்பு விருந்தினரே வேண்டாம்.

தேர்தலும் வேண்டாம். குறிப்பேடு ஒன்று, கணக்குப் புத்தகம் ஒன்று. இரண்டும் மாதந்தோறும் கை மாற வேண்டும். அப்போதுதான் ஒருவர் பட்டம் பெற்றுப் போனால் மன்றமும் அவரோடு போகாது. பன்னிரண்டு பேரில் பாதிப் பேராவது முதலாண்டு மாணவராக, தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவராக இருக்கட்டும். நம்மைப் போன்ற முதுகலை மாணவர் மட்டும் கூடினால் அது வெறும் அரட்டையாகும்.

வேலைக்குப் பஞ்சமில்லை. அம்பர்நாத்திலிருந்து உல்லாஸ்நகர் வழியாக ஓடும் வால்துனி ஆற்றை நீங்கள் ரயிலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்திருப்பீர்கள். 2014இல் யாரோ அதில் நச்சுக் கழிவைக் கொட்ட, கரையோர மக்கள் நூற்றுக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். 25 பாகை வெப்பத்தில் தூய நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். வால்துனி எவ்வளவு வைத்திருக்கிறது? வின்க்ளர் 1888இல் தந்த முறையால் இதை நம் ஆய்வுக்கூட மேசையிலேயே அளந்துவிடலாம். அளக்கும்போது தரம்பார்த்தல் என்றும் டைட்ரேஷன் என்றும் இரண்டு பெயரும் முதலாண்டு மாணவரின் நாவில் ஏறிவிடும். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில் எடுத்த நீர். ஆண்டு முடிவில் பன்னிரண்டு எண்கள். அவற்றை அடுத்த மலரில் அச்சிடலாம்; நகராட்சிக்கும் ஒரு படி அனுப்பலாம்.

கண்ணாடிப் புட்டிகளும் கையுறைகளும் என் பொறுப்பு. தேர்வு முடிந்த முதல் சனிக்கிழமை, மூன்று மணி. வேதியியல் அல்லாதாரும் வரலாம். வரைபடம் போடத் தெரிந்தவர் இருவரும், கணக்கு எழுதச் சலிக்காதவர் ஒருவரும் முதலில் வேண்டும்.