செல்லத்தின் காது... பழைய சொட்டு மருந்தைத் தேடாதீங்க!

உங்க காக்கர் ஸ்பானியல் மறுபடியும் தலையை உதறுதா? 'போன தடவை வாங்கின சொட்டு மருந்து மிச்சம் இருக்கே' என்று ஃபிரிட்ஜைத் திறக்கிறீர்களா? பிரச்னையே அங்கேதான்!

நாயின் காதுக்குழாய் 'எல்' வடிவில் வளைந்து இறங்கும். தொங்கும் மடலும் அடர்ந்த முடியும் காற்றைத் தடுக்க, உள்ளே ஈரம் தங்கும். சென்னைப் புழுக்கமும் சேர்ந்தால் ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் கொண்டாட்டம்தான்.

ஆனால், தொற்று அடிக்கடி திரும்பினால் காதை மட்டும் குறை சொல்ல முடியாது. பல நேரங்களில் நிஜக் காரணம், அலர்ஜி. பாதத்தை ஓயாமல் நக்குவதும் அதன் அறிகுறியாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் மருந்தை மட்டும் மாற்றினால், காசுதான் கரையும்.

பழைய மருந்தில் ஆபத்தும் உண்டு. இந்த முறை வந்திருப்பது வேறு கிருமியாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக்கை அரைகுறையாகப் போட்டால், அடுத்த முறை அது வேலை செய்யாமல் போகலாம். செவிப்பறை கிழிந்திருந்தால், சில மருந்துகள் கேட்கும் திறனையே பறித்துவிடும்.

அதனால், கால்நடை மருத்துவரிடம் மூணு கேள்வி கேளுங்க: காதழுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாச்சா? செவிப்பறை நல்லா இருக்கா? அலர்ஜியா?

வீட்டில் செய்ய வேண்டியது: குளித்ததும் காதைத் துடைத்துக் காயவிடுங்க. பட்ஸ் வேண்டவே வேண்டாம். அது அழுக்கை உள்ளேதான் தள்ளும்.