கிழட்டுக் காவல் நாய்க்கு மனிதர் மாத்திரை கூடாது

தோட்டத்தில் எட்டுப் பத்து ஆண்டுகள் காவல் காத்த நாய், காலையில் எழுந்திருக்கத் திணறும். முன்னங்கால்களை ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்க இரண்டு முறை முயன்று, மூன்றாம் முறைதான் எழும். பத்தடி நொண்டி நடந்தபின் சற்றுச் சரியாகிவிடும். வீட்டிலுள்ளோர் 'வயசாயிப் போச்சு' என்று சொல்லிவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கப் போவார்கள். கறவை மாடு காலைத் தாங்கினால் அன்றே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லும் குடும்பங்களிலும் நாயின் நிலை இதுதான்.

நாய்க்கு வந்திருப்பது மூட்டுத் தேய்வு நோய். எலும்பும் எலும்பும் சேருமிடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு உறைபோல் மூடியிருக்கிறது. இடையே கொழகொழப்பான நீரும் உண்டு. வண்டி அச்சுக்கு மை போடுவது போல இது மூட்டை உராயாமல் காக்கிறது. குருத்தெலும்பு தேய்ந்தால் எலும்பின் ஓரம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மூட்டைச் சுற்றிய சவ்வு வீங்கி, வலி நிரந்தரமாகிவிடும். ராஜபாளையம், அல்சேஷன், லாப்ரடார் போன்ற கனத்த உடல் நாய்களுக்கு இது சீக்கிரம் வரும். சிறு வயதில் வண்டியில் அடிபட்ட காலிலும் பின்னாளில் இது தோன்றும். தேய்ந்ததைத் திரும்ப வளர்க்க மருந்தில்லை. ஆனால் வலியைக் குறைத்து நாயை நடமாட வைக்க வழியுண்டு.

நாய் வலியால் கத்தும் என்று எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு. மூட்டுவலி கண்ட நாய் பெரும்பாலும் கத்தாது. திண்ணை ஏறத் தயங்கும். ஒரே மூட்டை ஓயாமல் நக்கும். தொடைச் சதை வற்றும். மார்கழிப் பனியில் தொல்லை கூடும். இடுப்பைத் தொட்டால் உறுமும். இதுநாள்வரை யாரையும் சீண்டாத நாய் குழந்தையைக் கடித்துவிட்டால் 'கிழட்டுப் புத்தி' என்று அடிக்கிறார்கள். வலிக்கும் இடத்தைக் குழந்தை பிடித்திழுத்திருக்கலாம் என்று எவரும் எண்ணுவதில்லை. எதனால் கடித்தாலும் கடிவாயைச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவி, உடனே குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இனி, பெருந்தீங்கு செய்யும் பழக்கத்துக்கு வருவோம். வீட்டுப் பெரியவருக்கு முழங்கால் வலிக்கென்று வாங்கிய மாத்திரையில் பாதியை உடைத்துச் சோற்றில் வைத்து நாய்க்குக் கொடுப்பது ஊர்தோறும் நடக்கிறது. இரக்கத்தால் செய்வதுதான், ஆனால் நாயைக் கொல்லக் கூடியது. ஐபுபுரூபன், டைக்ளோபினாக் போன்றவை நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரல் கெடும். மருந்துக்கடைகளில் தாராளமாக விற்கும், இரண்டு மருந்து கலந்த வலி மாத்திரைகள் இன்னும் மோசம். முதல் நாள் நாய் துள்ளி எழும். அதைக் கண்டு தினமும் கொடுப்பார்கள். சில நாளில் வாந்தியெடுத்து, தார் போலக் கறுப்பாக மலம் கழித்து, சோற்றை மறுத்துப் படுத்துவிடும். அந்தக் கறுப்பு, குடலில் கசிந்த இரத்தம்.

நாய்க்கென்றே பயன்படும் வலி மருந்துகள் உள்ளன. அவற்றில் மெலாக்சிகாம் நம் நாட்டில் எளிதில் கிடைக்கிறது. முதல் நாள் கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம், பிறகு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்பது அதன் வழக்கமான அளவு. இருபது கிலோ நாய்க்கு இரண்டாம் நாள் முதல் தேவைப்படுவது வெறும் 2 மில்லிகிராம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதர் மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராம்; அதைக் கண்ணளவில் உடைத்துக் கொடுப்பது சூதாட்டம். கால்நடை மருத்துவர் பார்த்து எழுதித்தர வேண்டிய மருந்து இது. வயிறு நிறைந்த பின்பே கொடுக்க வேண்டும். குடிக்க நீர் எப்போதும் இருக்க வேண்டும். ஸ்டீராய்டு ஊசி போட்ட நாய்க்கு இதைச் சேர்த்துத் தரலாகாது. ஆகவே முன்பு போட்ட ஊசிச் சீட்டை மருத்துவரிடம் தவறாமல் காட்ட வேண்டும்.

மாட்டுக்கு வாங்கி மீந்த வலி மருந்தை நாய்க்கு ஏற்றுவோரும் உண்டு. டைக்ளோபினாக் கால்நடைகளுக்கு 2006ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. அந்த மருந்து ஏறிய மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாய் மடிந்ததே காரணம். 2023இல் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகியவையும் தடைக்குள்ளாயின. மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள கழுகுகளுக்கு மெலாக்சிகாமால் கேடில்லை.

கைவைத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. பிரண்டையைப் பச்சையாக அரைத்துப் பற்றுப் போட்டால் நாய் அதை நக்கி வாயெல்லாம் அரிப்பெடுத்துத் திண்டாடும். மூட்டில் சூடு போடுவது கொடுமை, பலனும் கிடையாது. துணியில் முடிந்த வெதுவெதுப்பான மணல் ஒத்தடம் நல்லது. முதலில் தம் கையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டு சுடச்சுட வீங்கியிருந்தால் ஒத்தடம் வேண்டாம்.

மருந்தைவிடப் பெரிது உடல் எடை. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இருபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கால் பங்கு தீனியைக் குறைத்து ஆயுள் முழுதும் வளர்த்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் தாமதமாகவே வந்தது என்று 2002இல் முடிவு வெளியானது. விலா எலும்பைக் கையால் தடவினால் எளிதில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் நாய் கொழுத்துவிட்டது. பருத்தியோ கொப்பரையோ எடை போடும் தராசிலேயே நாயையும் நிறுத்து எழுதி வைத்தால் மருந்தளவுக்கும் உதவும். பழைய சோற்றைக் குறைத்து, வேகவைத்த மத்தி மீன் கொஞ்சம் சேர்க்கலாம். மீன் கொழுப்பு மூட்டு வீக்கத்தை ஓரளவு தணிக்கும். வெங்காயம் போட்ட குழம்பு கூடாது. அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.

சிமெண்டுத் தரையில் படுக்கும் நாய்க்கு வைக்கோல் திணித்த கோணிப்பை போதும். வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்கு விரிக்கலாம். நடமாட்டம் குறைந்தால் நகம் தேயாமல் வளர்ந்து விரலை வளைக்கும், வெட்டிவிட வேண்டும். நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப் போடுவதைப் போல மூட்டை இறுக்குவது வேறில்லை. காலை மாலை வரப்பில் சிறிது தூரம் மெல்ல நடத்திச் செல்வது நல்லது. ஞாயிறன்று மட்டும் காடெல்லாம் ஓடவிட்டால் திங்கட்கிழமை எழாது.

எல்லா நொண்டலும் முதுமை நொண்டலன்று. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வீங்கும். திடீரெனப் பின்னங்கால் இழுத்துக்கொண்டு, எச்சில் ஒழுகி, குரல் மாறினால் வெறிநோயாக இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியதோ என்று வாய்க்குள் கைவிடவே கூடாது. ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருந்தாலும் அந்நாயைத் தனியே அடைத்து மருத்துவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

'ஓட முடியாத நாயால் என்ன பயன்?' என்று கேட்பவர்கள் காவல் என்பதைச் சரியாகப் பார்க்கவில்லை. ஆட்டுப்பட்டியில் இரவு நரி வந்தால் முதலில் தேவைப்படுவது காதும் மூக்கும் குரைப்பும். வலி தணிந்த கிழ நாய் பட்டி வாசலில் படுத்தே அந்த வேலையைச் செய்யும். குட்டி நாயும் அதனுடன் இருந்து பழகிக்கொள்ளும். அதை வேனில் ஏற்றி நெடுஞ்சாலையோரம் இறக்கிவிடுவது ஊரறிந்த வழக்கமாகி வருகிறது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

மருந்துக்கும் கட்டுப்படாமல், எழவே இயலாமல், படுத்த இடத்திலேயே கழித்து, சோற்றையும் மறுக்கும் நிலை வந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் பேசலாம். வலியின்றி உயிர் அடங்க ஊசி உண்டு. பூச்சிமருந்து கலந்த சோறு வேண்டாம். ஊசி போட்ட உடலில் மருந்து தங்கியிருக்கும். பருந்தோ பிற நாய்களோ தோண்டித் தின்னாதபடி ஆழமாகக் குழியெடுத்துப் புதைக்க வேண்டும்.