எடை போட்டாயிற்று, ஆள் என்ன ஆனார்?

வன்னியில் போதைச் செய்தி எப்போதும் அளவோடுதான் வரும். இத்தனை கிலோ கேரள கஞ்சா, இத்தனை மில்லிகிராம் ஹெரோயின், இத்தனை கிராம் ஐஸ், இத்தனை லீற்றர் கசிப்பு, இத்தனை பரல் கோடா. ஏ-9 வீதிச் சோதனையிலோ ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டோரத்திலோ பிடிபட்டதாக நாலு வரி இருக்கும். மேசையில் பரப்பிவைத்த பொதிகளின் படம் இருக்கும். சந்தேகநபர் நீதவான் முன்னிலையில் ஆஜர்செய்யப்படவுள்ளார் என்ற வரியோடு செய்தி முடிந்துவிடும். பிடித்த பொருளுக்கு எடை இருக்கிறது; பிடிபட்ட ஆளுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

கசிப்பு எனப்படும் கள்ளச்சாராயத்தோடு பிடிபடுபவர் பெரும்பாலும் குடிப்பவராகவும் இருப்பார். பல வருடமாக நாள்தோறும் குடித்த ஒருவர் திடீரென நிறுத்த நேர்ந்தால் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்பது மருத்துவத்தில் தெளிவாக எழுதப்பட்ட பாடம். 6 முதல் 8 மணி நேரத்துக்குள் கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது. 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் இல்லாத பூச்சியைப் பிடுங்குவார்கள், இல்லாத ஆளோடு சண்டை போடுவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். இதற்கான மருந்து புதியதுமல்ல, விலை கூடியதுமல்ல. டயசிபாம் அல்லது குளோர்டயசிபொக்சைட்டைக் கூட்டிக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். விற்றமின் பி1 எனப்படும் தயமினை ஊசியாகப் போட வேண்டும், அதுவும் குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதற்கு முன். அது தவறினால் ஞாபகசக்தி நிரந்தரமாகவே பாதிக்கப்படலாம்.

ஆனால் அந்த மூன்றாம் நாளில் ஆள் எங்கே இருக்கிறார்? தடுப்பு அறையில் உளறினால் நடிக்கிறான் என்று சொல்லிவிடலாம். வீட்டில் உளறினால் பேய் பிடித்தது என்று யாரையாவது கூட்டிவந்து நூல் கட்டலாம். அறிவு புத்தகத்தில் இருக்கிறது, மருந்து அலுமாரியில் இருக்கிறது, ஆள் வேறெங்கோ இருக்கிறார். போதை ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் இடையிலான தூரம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்தத் தூரம் ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் 1998 இல் இதைப் பற்றியே தனி அறிக்கை வெளியிட்டது: ஆய்வுகூடத்தில் நிரூபிக்கப்பட்டது சிகிச்சை நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை, சிகிச்சை நிலையத்தில் கண்டது ஆய்வாளர் காதுக்கு எட்டவில்லை என்று. அடுத்த ஆண்டே ஊர்ச் சிகிச்சை நிலையங்களையும் பல்கலைக்கழகங்களையும் ஒன்றாகப் பிணைத்த ஒரு வலையமைப்பை அங்கே தொடங்கினார்கள். நமக்கு அந்த அறிக்கையை விட அந்த வேலைமுறை முக்கியம். ஆய்வாளர் எழுதி முடித்ததை வைத்தியர் வாசிக்கவேண்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கேள்வியையே இருவரையும் சேர்ந்து எழுத வைத்தார்கள்.

இலங்கையில் கட்டமைப்பே இல்லை என்று சொல்லமுடியாது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. 1927 என்ற அதன் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். ஆனால் அது நீண்டகாலமாக நடத்திவந்த வதிவிடச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, காலி, பேராதனை, நிட்டம்புவ. வன்னியின் மாங்குளத்திலிருந்து ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, இரவில் இறங்கி, தமிழ் பேசும் ஓர் ஆலோசகரைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள். கூலிவேலை செய்யும் வீட்டில் அந்தப் பயணத்துக்கே ஒரு கிழமைச் சம்பளம் போய்விடும்.

மற்றைய பாதை நீதிமன்றம் வழியானது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் போதையில் தங்கியிருப்பவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. அனுப்பப்படும் இடங்களில் பேர்போனது பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு. போருக்குப் பின் முன்னாள் போராளிகளைப் பொறுப்பேற்ற புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகம்தான் அதை நடத்தியது. 2022 ஜூன் இறுதியில் அங்கே ஒருவர் இறந்தார்; கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள்; இறப்புத் தொடர்பாகப் படையினர் நால்வர் கைதாகினர். அதே ஆண்டு வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் முன்னாள் போராளிகளையும் தீவிரவாதக் குழுக்களையும் போதைக்கு அடிமையானவர்களோடு ஒரே வரியில் சேர்த்திருந்தது. திருத்தாவிட்டால் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே, அந்த இரு பிரிவினரையும் நீக்கி 2023 ஜனவரியில் நிறைவேற்றினார்கள். ஆதரவாக 23 வாக்குகள், எதிராக 6. 225 பேர் உள்ள நாடாளுமன்றத்தில்!

2009 இல் பிள்ளைகளைப் புனர்வாழ்வு என்ற பெயரில் ஒப்படைத்துவிட்டு வாசலில் காத்துநின்ற பெற்றோர் இன்னும் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "அம்மா, இது சிகிச்சை, பயப்படாதேங்கோ" என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்?

நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும், பலனைப் பார்ப்போம். கட்டாயச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, மொத்தத்தில் அதனால் நன்மை விளைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. சில ஆய்வுகள் தீங்கையே காட்டின. அதற்கு முன்பே, 2012 மார்ச்சில், 12 ஐ.நா. அமைப்புகள் கூட்டாக இத்தகைய தடுப்பு நிலையங்களை மூடும்படி கேட்டிருந்தன. வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்த முப்பதாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2007 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது: வெளிவந்த முதல் இரண்டு கிழமைகளில் மிகைப்போதையால் இறக்கும் ஆபத்து, பொதுமக்களோடு ஒப்பிட்டால் 129 மடங்கு. உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்குசக்தி குறைந்துவிடுகிறது. வெளியே வந்தவர் பழைய அளவையே எடுக்கிறார். அடைத்து வைத்தால் சுகமாகிவிடும் என்று நம்பும் நாடு, கதவு திறக்கும் நாளுக்கு எந்த ஏற்பாடும் செய்வதில்லை.

இதில் இடத்தின் பங்கை நாம் போதிய அளவு எண்ணுவதில்லை. வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெரோயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார். நாடே பயந்தது. லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்கள் ஊர் திரும்பிய பிறகு தேடிப்போய் விசாரித்தார். அடிமையாகியிருந்தவர்களில் முதல் வருடத்தில் மீண்டும் அந்த நிலைக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். போர்க்களத்தையும், பொருள் மலிவாகக் கிடைத்த சூழலையும், கூட இருந்தவர்களையும் அவர்கள் பின்னால் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நம்முடைய இளைஞனுக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. சில மாதம் வேறு மாவட்டத்தில் வைத்திருந்துவிட்டு, அதே சந்திக்கு, அதே வேலையின்மைக்கு, அதே கூட்டாளிகளிடம் திருப்பி அனுப்புகிறோம். அவன் தவறி விழுந்ததும் சிகிச்சை எடுத்தும் திருந்தவில்லை என்கிறோம்.

மாங்குளத்துக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. 2024 மே மாதம், நெதர்லாந்தின் உதவியோடு, இங்குள்ள வைத்தியசாலையில் புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. போரும் விபத்தும் உடலைச் சிதைத்தவர்கள் நிறைந்த மாகாணத்துக்கு நடுவில், ஏ-9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடத்தில், அப்படி ஒன்று வேண்டும் என்று யோசித்தவர்களைப் பாராட்ட வேண்டும். முள்ளந்தண்டு காயப்பட்ட ஒருவருக்குப் படுக்கைப்புண் திரும்ப வந்தால் யாரும் அவரைத் திட்டுவதில்லை. வந்தார், புண்ணைக் கட்டினோம், எப்படி இருக்க வேண்டும் என்று மறுபடி சொல்லிக்கொடுத்தோம், அடுத்த கிளினிக் திகதியைத் துண்டில் எழுதினோம், அவ்வளவுதான். நீரிழிவும் பிரஷரும் அதே முறையில்தான் பார்க்கப்படுகின்றன. 2000 இல் மக்லெலன் என்பவரும் சகாக்களும் எழுதிய கட்டுரை இதையே எண்களில் சொன்னது: போதைச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் வழுக்குபவர்கள் 40 முதல் 60 வீதம், உயர் இரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் அது 50 முதல் 70 வீதம். பிரஷர் குளிசையை மறந்து மயங்கி வந்தவரை வைத்தியசாலை சேர்த்துக்கொள்கிறது. மறுபடி குடித்து வந்தவரிடம் மட்டும் "உனக்கு இனி இங்கே இடமில்லை" என்கிறது.

என் வாதம் இதுதான். வன்னிக்கு முதலில் தேவை இன்னொரு வதிவிட முகாம் அல்ல. ஏற்கெனவே நீரிழிவுக்கு நடக்கும் கிளினிக் மாதிரியே குடிப்பழக்கத்துக்கும் போதைத்தூளுக்கும் ஒரு கிளினிக், ஒரு கொப்பி, ஒரு திகதி, வராவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஓர் ஆள்.

இதை யார் செய்வது, உளநல வைத்தியரே மாவட்டத்துக்கு ஒருவர் கிடைப்பது கஷ்டம் என்பார்கள். அதற்குத்தான் கோவாவைப் பார்க்க வேண்டும். சங்கத் என்ற நிறுவனத்தைச் சேர்ந்த அபிஜித் நட்கர்னி, விக்ரம் பட்டேல் ஆகியோர் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில், உளநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரரைப் பயிற்றி, அதிகம் குடிக்கும் ஆண்களோடு அதிகபட்சம் நான்கு தடவை பேச வைத்தார்கள். 377 பேர் சேர்ந்த அந்தப் பரிசோதனையின் முடிவு 2017 இல் லான்செற் இதழில் வந்தது. மூன்று மாதத்தில் குடிப் பிரச்சினையிலிருந்து மீண்டவர்கள், பேச்சு ஆலோசனை பெற்றவர்களில் 36 வீதம், மற்றவர்களில் 26 வீதம். அதற்கு முந்திய 14 நாட்களில் குடிக்கவே இல்லை என்றவர்கள் 42 வீதம், மறுபக்கம் 18 வீதம். அற்புதம் ஒன்றுமில்லை; பெரும்பான்மையினர் முழுதாக நிறுத்தவில்லை. ஆனால் நான்கு பேச்சுக்கு இது சின்ன விளைச்சல் அல்ல. எனக்குப் பிடித்தது இன்னொரு விபரம்: ஆலோசகர்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்து, ஒருவர் பேச்சை மற்றவர்கள் கேட்டுப் புள்ளி போட்டுத் திருத்தினார்கள். தரத்தைக் காக்க வெளியிலிருந்து நிபுணர் வந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளி தன்னைத் தேடி வரட்டும் என்று இருந்துவிடாமல், திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடிக்குப் போய்க் கிராமத்திலேயே முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்தது. ஊருக்குள்ளேயே சிகிச்சை எடுத்தவரை ஊரே பார்த்துக்கொள்ளும். சாராயக் கடைப்பக்கம் போனால் கேட்க ஆள் இருக்கும்.

நமக்கும் அத்திவாரம் இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மனநல இடைவெளி நிரப்பும் வழிகாட்டியில் மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் தனிப் பகுதி உண்டு. வடமாகாண ஆரம்ப சிகிச்சை வைத்தியர்களுக்கு அந்த வழிகாட்டியில் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதியபோது குடியும் அதற்குள்தான் வந்தது. வடகிழக்குத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கிளவுடியா கற்றானியும் சகாக்களும் செய்து 2008 இல் வெளியிட்ட ஆய்வு, போரைக் கண்டதும் தகப்பன் குடிப்பதும் வீட்டில் பிள்ளை அடிவாங்குவதோடு தொடர்புபட்டிருப்பதைக் காட்டியது. அப்படியானால் குடிகாரத் தகப்பனை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் வைத்தியர் அல்ல. வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர், வகுப்பில் காயத்தைக் காணும் ரீச்சர், சமுர்த்திக் கூட்டத்தில் அழுத முகத்தைப் பார்க்கும் மாதர் சங்கத் தலைவி. அவர்கள் கண்டதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அது பொலிஸ் நிலையமாக மட்டும் இருந்தால் சொல்லமாட்டார்கள். தகப்பன் உள்ளே போனால் அடுப்பு எரியாது.

ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமின் விஷயம் வேறு. மதுவுக்கு நல்ரெக்சோன், அகம்ப்ரோசேற் என்று மருந்துகள் இருக்கின்றன. ஐஸுக்கு அப்படி உறுதியாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. இருப்பதில் அதிக ஆதாரம் உள்ள முறை, சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு பரிசு, ஒரு கூப்பன் கொடுப்பது. கேட்டதும் சிரிப்பு வரும். பாவிக்காமல் இருப்பதற்குச் சம்பளமா என்று பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் யாராவது எழும்பிக் கேட்பார், கணக்காய்வாளரும் கேட்பார். எனக்கே முதலில் ஏற்கவில்லை. ஆனால் ஓர் இளைஞனைச் சில மாதம் முகாமில் வைத்துச் சாப்பாடு போட்டுக் காவல் காக்கும் செலவோடு அந்தக் கூப்பன்களின் விலையை ஒப்பிட்டால், எது வீண்செலவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதலில் விற்பவனைப் பிடியுங்கள் என்று ஊர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பாடசாலை வாசலில் மாத்திரை விற்பவனை விட்டுவிட்டுச் சிகிச்சை பேசச் சொல்லி எந்தத் தாயிடமும் கேட்கமுடியாது. ஆனால் 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கை விற்பவனையும் பாவிப்பவனையும் ஒரே வலையில் அள்ளியது; அடுத்த மாதமே அதை இடைநிறுத்தி மீளாய்வு செய்யும்படி ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் கேட்டார்கள். பெயர் மாறி வரும் ஒவ்வொரு நடவடிக்கையிலும் இந்தப் பிரிப்புத்தான் முதலில் செய்யப்பட வேண்டியது. பிடிபட்டவர் பாவிப்பவர் என்று கண்டால், அன்றே அவரை வைத்தியசாலைக்குக் காட்டி, குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவத்தை நிரப்பி, திடீரென நிறுத்தியதால் வரக்கூடிய ஆபத்து உண்டா என்று பார்த்து எழுதி, அந்தத் தாளை வழக்கேட்டோடு நீதவானிடம் கொடுப்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

மாங்குளத்தில் இதை ஒரு வருடம் செய்துபார்க்கலாம். ஒட்டுசுட்டான், துணுக்காய் பிரதேச செயலகங்களும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும், யாழ்ப்பாண மருத்துவ பீடமும் ஒரே கொப்பியை வைத்து: எத்தனை பேர் வந்தார்கள், மூன்றாம் நாள் எங்கே இருந்தார்கள், மூன்றாம் மாதம் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், வராதவர்களை யார் போய்ப் பார்த்தார்கள். அப்படி எழுதிவைத்த பிறகு, அதைப் பற்றிக் கொழும்பிலோ ஜெனீவாவிலோ கட்டுரை வாசிக்க விரும்புகிறவர்கள் ஏ-9 ஆல் இங்கே வந்துதான் கேட்க வேண்டியிருக்கும்.