கோச்சுகள் ஏன் பேப்பர் போடறாங்க?

ஐ.டி. கம்பெனியில் ஒருத்தர் பேப்பர் போட்டால் என்ன நடக்கும்? கேன்டீனில் ஒரு ட்ரீட், எல்லாருக்கும் ஒரு குட்பை மெயில், அடுத்த மாசம் அந்த நாற்காலியில் இன்னொருத்தர். முடிஞ்சது கதை. ஆனா ஒரு நாட்டோட தேசிய டீமில் கோச்சுகள் வரிசையா பேப்பர் போட்டா? அதுவும் ரக்பியைப் பெத்து வளர்த்த இங்கிலாந்திலேயே போட்டா? இந்த வாரம் அந்தக் கதைதான் பாஸ்!

முதல்ல ஒரு நிமிஷ ரக்பி ட்யூஷன். ஒரு பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையால் முன்னாடி பாஸ் பண்ணக் கூடாது, பின்னாடி இருக்கிறவருக்குத்தான் கொடுக்கணும். முன்னாடி போகணுமா? தூக்கிட்டு ஓடணும், இல்லைன்னா உதைக்கணும். 15-ல் 8 பேர் ஃபார்வர்ட்ஸ். ரெண்டு டீம் ஃபார்வர்ட்ஸும் தலையைக் குனிஞ்சு, தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுற ஸ்க்ரம் இவங்க டிபார்ட்மென்ட். மீதி 7 பேர் பேக்ஸ். ஓட்டமும் உதையும் இவங்க பொறுப்பு.

ஒவ்வொண்ணும் தனித்தனி வித்தைங்கிறதால ஹெட் கோச் ஒருத்தரால் எல்லாத்தையும் சொல்லித் தர முடியாது. அட்டாக்குக்கு ஒருத்தர், டிஃபென்ஸுக்கு ஒருத்தர், ஸ்க்ரமுக்கு ஒருத்தர், உடம்பைத் தேத்த ஒருத்தர்னு ஒரு பட்டாளமே திரைக்குப் பின்னாடி இருக்கும். 2003-ல் இங்கிலாந்து உலகக் கோப்பை ஜெயிச்சப்போ, வீரர்களோட பார்வைத் திறனுக்குப் பயிற்சி கொடுக்கவே ஷெரில் கால்டர்னு ஒரு கோச்சை வெச்சிருந்தார் கிளைவ் உட்வர்ட்!

அந்த ஃபைனலில் தோத்த ஆஸ்திரேலியாவோட கோச் யார் தெரியுமா? எடி ஜோன்ஸ். நம்ம கதையோட நாயகன்... சில பேருக்கு வில்லன்.

வந்தார் வாத்தியார்!

2015-ல் உலகக் கோப்பை இங்கிலாந்து மண்ணில் நடந்தது. சொந்த ஊர் ரசிகர்கள் முன்னாடி லீக் சுற்றோடவே மூட்டை கட்டினது இங்கிலாந்து. போட்டியைத் தனியா நடத்துற நாடு அப்படி வெளியே போனது அதுதான் முதல் தடவை. ஹெட் கோச் ஸ்டூவர்ட் லங்காஸ்டர் கிளம்ப, முன்னாள் ஸ்கூல் வாத்தியாரான எடி ஜோன்ஸ் உள்ளே வந்தார். லங்காஸ்டரோட துணை கோச்சுகளுக்கும் வழியனுப்பு விழா. அதில் ஒருத்தர் ஆண்டி ஃபாரல். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கங்க, அப்புறம் வருவார்.

ஜோன்ஸ் தன் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தார். ஜப்பானில் அவர்கூட வேலை பார்த்த ஸ்டீவ் போர்த்விக் ஃபார்வர்ட்ஸுக்கு, சாரசென்ஸ் கிளப்பிலிருந்து பால் கஸ்டர்ட் டிஃபென்ஸுக்கு. ரிசல்ட் சும்மா தெறிச்சது! 2016-ல் சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியில் அஞ்சுக்கு அஞ்சு ஜெயிச்சு கிராண்ட் ஸ்லாம். அதே வருஷம் ஆஸ்திரேலியாவுக்கே போய் 3-0. தொடர்ந்து 18 டெஸ்ட் வெற்றினு நியூசிலாந்து சாதனையைத் தொட்டாங்க. ஜோன்ஸ் இருந்த 7 வருஷத்தில் 81 டெஸ்ட், 59 வெற்றி.

இவ்வளவு ஜெயிக்கிற டீமை விட்டு யாராவது போவாங்களா? போனாங்க பாஸ், வரிசையா போனாங்க!

2018-ல் கஸ்டர்ட். 2019 உலகக் கோப்பை முடிஞ்சதும் அட்டாக் கோச் ஸ்காட் வைஸ்மேன்டல். 2020-ல் போர்த்விக். 2021-ல் மட்டும் சைமன் அமோர், ஜான் மிட்செல், ஜேசன் ரைல்ஸ்னு மூணு பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு காரணம். அதைப் பிரிச்சுப் பார்த்தாதான் சுவாரஸ்யம்.

காரணம் 1: நானும் ஹெட் ஆகணும்!

கஸ்டர்ட் போனது ஹார்லெக்வின்ஸ் கிளப்புக்கு, மொத்த டீமுக்கும் பொறுப்பாளரா. போர்த்விக் போனது லெஸ்டர் டைகர்ஸ் கிளப்புக்கு ஹெட் கோச்சா. ஒரு கட்டத்துக்கு மேல 'சரிங்க சார்' சொல்லிச் சொல்லியே அலுத்துப் போகும். தன் பேர்ல ஒரு டீம் வேணும்னு தோணும். இதில் தப்பே இல்லை. ஆனா எல்லாருக்கும் இது கைகொடுக்கிறதும் இல்லை. கஸ்டர்ட் 2021 ஜனவரியில் ஹார்லெக்வின்ஸை விட்டுக் கிளம்பினார். அதே சீஸனில் அந்த டீம் சாம்பியன் ஆனது! போர்த்விக் கதை நேர் எதிர். 12 டீமில் 11-வது இடத்தில் கிடந்த லெஸ்டரை 2022-ல் சாம்பியன் ஆக்கினார்.

காரணம் 2: வீட்டு ஞாபகம்

வைஸ்மேன்டல் ஆஸ்திரேலியக்காரர். சொந்த நாட்டு டீமில் வேலை கிடைச்சதும் கிளம்பிட்டார். ரைல்ஸும் ஆஸ்திரேலியக்காரர்தான். கொரோனா காலத்தில் அங்கேயிருந்து இங்கிலாந்துக்கு வந்து போறதுன்னா சும்மாவா? விமானமும் கிடையாது, திரும்பிப் போனா க்வாரன்டைன் வேற. துபாயிலும் சிங்கப்பூரிலும் மாமா, சித்தப்பா இருக்கிற எல்லா வீட்டுக்கும் இந்தக் கஷ்டம் நல்லாவே தெரியும்.

காரணம் 3: வேலையோட தன்மை

இது வெளியே அதிகம் பேசப்படாத காரணம். கிளப் கோச்சுக்கு வருஷம் முழுக்க டீம் கையில் இருக்கும். தினமும் கிரவுண்ட், தினமும் பசங்க. தேசிய டீமுக்கு அப்படி இல்லை. பிப்ரவரி-மார்ச்சில் சிக்ஸ் நேஷன்ஸ், கோடையில் ஒரு டூர், நவம்பரில் சில மேட்ச். மத்த நாளெல்லாம் வீரர்கள் அவங்கவங்க கிளப்பில் இருப்பாங்க. கோச் கம்ப்யூட்டரில் வீடியோ பார்த்துக்கிட்டு, கிளப் கிளப்பா ஏறி இறங்கிக்கிட்டு இருக்கணும். மேட்ச் நெருங்கும்போது மட்டும் ராத்திரி பகல் பார்க்காத வேலை. கிரவுண்டில் விசில் ஊதியே வளர்ந்த ஆளுக்கு இது ஒத்துவராது. போதாக்குறைக்கு உலகக் கோப்பை நாலு வருஷத்துக்கு ஒருமுறை. ஒண்ணு முடிஞ்சதும் 'இன்னும் நாலு வருஷமா?'னு யோசிக்கிறது இயல்புதானே?

காரணம் 4: பாஸ்!

ஜோன்ஸ் பெண்டு கழட்டி வேலை வாங்குறவர்னு ரக்பி உலகத்துக்கே தெரியும். சிலருக்கு அது குருகுலம் மாதிரி. சிலருக்கு மூச்சு முட்டும். 2023-ல் அவர் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி ஹெட் கோச் ஆனார். உலகக் கோப்பைக்கு பிரான்ஸ் கிளம்புற நேரத்தில் அட்டாக் கோச் பிராட் டேவிஸ் விலகிட்டார். அந்தக் கோப்பையில் ஆஸ்திரேலியா வரலாற்றிலேயே முதல் தடவையா லீக் சுற்றைத் தாண்டலை.

அப்போ எல்லாத்துக்கும் ஜோன்ஸ்தான் காரணம்னு எழுதி முடிச்சிடலாமா? அங்கேதான் ட்விஸ்ட்!

பாஸ் மாறியும் கதை மாறலை

2022 டிசம்பரில் ஜோன்ஸை வீட்டுக்கு அனுப்பிட்டு, இங்கிலாந்து கூப்பிட்டது யாரை? லெஸ்டரில் ஜெயிச்சுக் காட்டின போர்த்விக்கை. துணை கோச்சா இருந்து கஷ்ட நஷ்டம் தெரிஞ்ச ஆள். ஜோன்ஸ் மாதிரி அதிரடிப் பேச்சு கிடையாது, அமைதிப் பேர்வழி. தென்னாப்பிரிக்கா ரெண்டு உலகக் கோப்பை ஜெயிச்சப்போ கூட இருந்த ஃபெலிக்ஸ் ஜோன்ஸை (எடிக்கு உறவெல்லாம் இல்லை, இனிஷியல் மட்டும்தான் ஒண்ணு!) டிஃபென்ஸுக்குப் பிடிச்சுட்டு வந்தார். 2024 கோடை முடியறதுக்குள்ள ஃபெலிக்ஸ் ராஜினாமா. உடற்பயிற்சித் தலைவர் ஆலெட் வால்டர்ஸ், நேரா எதிரி கூடாரமான அயர்லாந்துக்கு! கிளம்புறதா இருந்த கெவின் சின்ஃபீல்ட் மட்டும் மனசு மாறித் தங்கிட்டார்.

இதில் என்ன நஷ்டம்னு கேட்கறீங்களா? ஃபெலிக்ஸ் சொல்லிக் கொடுத்தது 'ப்ளிட்ஸ்' டிஃபென்ஸ். எதிரி கைக்குப் பந்து போன நொடியே மொத்த வரிசையும் முன்னாடி பாயணும். ஒருத்தர் அரை நொடி லேட்டானாலும் நடுவில் ஓட்டை, எதிரி உள்ளே. பழக மாசக்கணக்கில் ஆகும். 2024 மார்ச்சில் பலமான அயர்லாந்தை 23-22-னு சாய்ச்சப்போ, 'செட் ஆகிடுச்சுடா'னு நினைச்சாங்க. சொல்லிக் கொடுத்தவர் பாதியில் போயாச்சு. அடுத்து வந்த ஜோ எல்-ஆப்ட், தன் பிரெஞ்சு கிளப் வேலையையும் சேர்த்தே பார்த்துக்கிட்டிருந்தார். நவம்பரில் ட்விக்கன்ஹாமில் ஆஸ்திரேலியா 42 பாயின்ட் போட்டு, கடைசி நிமிஷத்தில் ஜெயிச்சது!

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். டீம் அதோட படுத்துடலை. 2025 நவம்பரில் அதே மைதானத்தில் நியூசிலாந்தை 33-19-னு அடிச்சாங்க. ஒருத்தர் போனா எல்லாமே முடிஞ்சதுன்னு ஆகாது. ஆனா நடுவில் போன ஒரு வருஷம் போனதுதான். அந்த வருஷத்தில் டிஃபென்ஸ் வரிசையில் நின்ன பையனுக்கு அதை யார் திருப்பித் தருவா?

ஆண்டி ஃபாரலை மறந்துடலையே? 2015-ல் வழியனுப்பப்பட்ட அவர் அயர்லாந்துக்கு டிஃபென்ஸ் கோச்சா போனார். 2018-ல் ட்விக்கன்ஹாமிலேயே இங்கிலாந்தை அடிச்சு அயர்லாந்து கிராண்ட் ஸ்லாம் ஜெயிச்சது. அப்புறம் ஹெட் கோச் ஆனார். 2023-ல் டப்ளினில் மறுபடி இங்கிலாந்தை அடிச்சு இன்னொரு கிராண்ட் ஸ்லாம்! வெளியே போறவர் வெறுங்கையோட போறதில்லை. உங்க ரகசியத்தையும் மூட்டை கட்டித்தான் எடுத்துட்டுப் போவார்.

நமக்கு என்ன?

எனக்கு இதிலிருந்து கிடைச்சது மூணு கேள்வி. யாராவது விலகினா, எப்போ போனார்? எங்கே போனார்? அவர் இடத்தை எப்படி நிரப்பினாங்க? உலகக் கோப்பை முடிஞ்சு, பெரிய பதவிக்குப் போனா பாஸ் நல்லாத்தான் வளர்த்திருக்கார். வந்த ஒரு வருஷத்திலேயே, அடுத்த வேலை கையில் இல்லாமலே போனா, உள்ளே ஏதோ புகையுதுன்னு அர்த்தம்.

கேம்பஸ் இன்டர்வியூ சீஸன் வரப்போகுது. கம்பெனிக்காரங்க வந்து ஸ்லைடு போட்டுக் காட்டுவாங்க. கடைசியில் 'எனி கொஸ்டின்ஸ்?'னு கேட்டா எங்க டிபார்ட்மென்ட்டில் சம்பளம், பாண்டு, எந்த ஊர் போஸ்டிங்... இதைத் தாண்டி யாரும் வாயைத் திறக்கிறதில்லை. இந்தத் தடவை யாராவது ஒருத்தர் எழுந்து கேளுங்களேன்: 'சார், நான் உட்காரப் போற ஸீட்டில் இதுக்கு முன்னாடி இருந்தவர் இப்போ எங்கே இருக்கார்?'

பதிலைவிட, பதில் சொல்றவரோட முகத்தைக் கவனிங்க!

கொசுறு: 2021-ல் கிளம்பின மூணு பேரில் ஒருத்தரான ஜான் மிட்செல், 2023-ல் இங்கிலாந்து பெண்கள் டீமுக்கு ஹெட் கோச்சா திரும்பி வந்தார். 2025 செப்டம்பர் 27-ம் தேதி ட்விக்கன்ஹாமில் நடந்த ஃபைனலில் கனடாவை 33-13-னு ஜெயிச்சு உலகக் கோப்பையைத் தூக்கியாச்சு. பேப்பர் போட்டுட்டுப் போறவங்ககிட்ட சிரிச்சுக் கைகுலுக்கி அனுப்புங்கப்பா... திரும்பி வந்தாலும் வருவாங்க!