பிரேக் யார் கையில்?

சிலி நாட்டில் 1988 வாக்கெடுப்பில் ஜெனரல் பினோசே தோற்றார். 1990 மார்ச்சில் பாட்ரிசியோ அய்ல்வின் அதிபரானார். சர்வாதிகாரம் ஒழிந்தது என்று பேப்பரில் படித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் பினோசே வீட்டுக்குப் போகவில்லை. 1998 வரை தரைப்படைத் தளபதியாகவே இருந்தார். அவரை நீக்க அதிபருக்கே அதிகாரம் இல்லை. 1980 அரசியல் சட்டத்தை அப்படித் தயாரித்து வைத்திருந்தார்கள்! எஞ்சினை ஒப்படைத்துவிட்டு பிரேக்கை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்ட கதைதான்.

பணமும் அப்படியே. அரசுத் தாமிர நிறுவனமான கோடெல்கோவின் ஏற்றுமதி வருவாயில் 10 சதவீதம், பட்ஜெட்டில் சேராமல் நேரே ராணுவத்துக்குப் போயிற்று. தளபதிகளை நீக்கும் உரிமை 2005இல்தான் அதிபருக்குத் திரும்பியது. தாமிரச் சட்டம் ரத்தாக 2019 ஆயிற்று.

இங்கே தில்லியில், வெள்ளைக்காரத் தளபதி குடியிருந்த தீன்மூர்த்தி மாளிகைக்குச் சுதந்திரத்துக்குப் பின் நேரு குடிபோனார். வெறும் வீடு மாற்றம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அய்ல்வினைக் கோழை என்பார் உண்டு. நான் ஒப்பமாட்டேன். பினோசே தளபதியாக இருக்கும்போதே, 1990இல், கொல்லப்பட்டோரையும் காணாமற்போனோரையும் பற்றி விசாரிக்கக் குழு அமைத்தவர் அவர். ஆனால் வழக்குகள் இழுத்தடித்தன. பிள்ளையைத் தேடிய தாய்மார் பலர், விடை தெரியாமலே இறந்துபோனார்கள்.