ஏடிவி வாங்கச் சொல்பவருக்கு

திருத்தணி விவசாயி பழைய ஏடிவி (கரடுமுரடான நிலத்திலும் ஓடும் சிறு வண்டி) ஒன்று வாங்கினால் காட்டுப்பன்றியையும் வேட்டையாடலாம், சேற்றிலும் ஓட்டலாம் என்கிறார் நண்பர். முதல் பாதி குற்றம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. பயிர் அழிந்தாலும் வனத்துறையிடம்தான் போக வேண்டும், துப்பாக்கியிடம் அல்ல.

சேறு? பழைய வண்டி பட்ட பாட்டைப் புது பெயின்ட் சொல்லாது. கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள்: பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெல்ட்டில் ஓடும் வண்டியென்றால், பெல்ட் நனைந்ததும் வழுக்கும். பல ஏடிவிகளுக்குப் பதிவு எண்ணே கிடையாது. சோளிங்கர் சாலையில் ஏற்றினாலே வழக்கு.

அதற்குப் பதில், ஆர்.சி. புத்தகத்தோடு ஒரு பழைய டிராக்டர், ஒரு ஜோடி கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்). நெல் வயலுக்கு அது போதும். கேஜ் வீலைக் கழற்றிவிட்டால் அதே வண்டி திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பும் இழுக்கும்.